மன்னார் வளைகுடாவில் காற்றாலை வந்தால் அப்பா எங்கே வலை விடுவார்?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலை நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். முப்பந்தலில் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை நிற்கும்போது கடலுக்குள் போய் எதற்கு நட வேண்டும், அது வந்தால் நாட்டுப்படகில் போகும் உங்கள் அப்பா எங்கே வலை விடுவார் என்று கேட்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டாம் பாதிதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். அதற்கான பதில் பெரும்பாலும் ஒரு விதிமுறையில் இருக்கிறது, அந்த விதிமுறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அங்கே வருவதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் இருக்கும் வடகடலில் பதினாறு வருடம் காற்றாலை அடித்தள வேலை பார்த்தவன். கடலடியில் போர் போட்டு மண் எடுத்து, இங்கே எந்த அடித்தளம் நிற்கும், எது நிற்காது என்று சொல்வது என் தொழில். மண்ணைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மீனைப் பற்றிச் சொல்வது கூட வேலை பார்த்த கடல் உயிரியல்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் சந்தேகமே வேண்டாம். உங்கள் அப்பா கச்சான் என்று சொல்லும் மேல்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் குமரிமுனையைச் சுற்றியும் பீறிட்டு வருகிறது. எதிரே இலங்கையின் மலை. இரண்டுக்கும் நடுவில் நெருக்கப்படும் காற்று வேகம் பிடித்து மன்னார் வளைகுடாவுக்குள் பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இது ஓயாது. வாடைக்காலத்தில் இன்னொரு சின்ன உச்சம் உண்டு. கடலில் மரம், வீடு, மேடு எதுவும் தடுக்காததால் காற்று குலுங்காமல் சீராக வரும். காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் அதிலுள்ள சக்தி பல மடங்கு கூடும் என்பதுதான் இதில் விஷயம். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் சக்தியைவிட 9 மீட்டரில் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் நிலத்தில் இடம் இருக்கும்போதும் கடலைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் அளவு. தூத்துக்குடிப் பக்கம் 1986-ல் முதன்முதலாக நட்ட காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். உலகத்தின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991-ல் டென்மார்க்கின் விண்டபியில் வந்தது. 11 காற்றாலை சேர்ந்தும் 5 மெகாவாட் இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு கடல் காற்றாலை 15 மெகாவாட். அதன் ஓர் இறக்கை மட்டும் 115 மீட்டர் நீளம். அந்த இறக்கையை லாரியில் ஏற்றி நாகர்கோவில் ரோட்டில் திருப்ப முடியாது. துறைமுகத்தை ஒட்டியே செய்து, கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனால்தான் உண்டு.

சரி, காற்று இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் இன்னும் ஒன்றுகூட வரவில்லை? மத்திய அரசு 2015-லேயே கடல் காற்றாலைக் கொள்கையை வெளியிட்டது. குஜராத் கடலோரத்தில் எட்டு, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் எட்டு எனப் பகுதிகளை அடையாளம் கண்டார்கள்; இரண்டும் சேர்த்து 70 ஜிகாவாட் அளவுக்குக் கிடைக்கும் என்பது மதிப்பீடு (ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). 2022-க்குள் 5 ஜிகாவாட், 2030-க்குள் 30 என்று 2018-ல் இலக்கு வைத்தார்கள். 2022 வந்தது, போனது. 2023 டிசம்பரில் கடலடியைக் குத்தகைக்கு விடும் விதிகள் வந்தன. 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் உதவித்தொகைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 6,853 கோடி, குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 என 1,000 மெகாவாட்டுக்கு. மீதி 600 கோடி இரண்டு துறைமுகங்களைத் தயார் செய்ய. வகுத்துப் பாருங்கள், ஒரு மெகாவாட்டுக்கு 6.85 கோடி. நிலத்தில் ஒரு மெகாவாட் காற்றாலையை முழுதாக நட்டு முடிக்கும் செலவை ஏறக்குறைய எட்டிவிடும் தொகை இது. அதை வெறும் உதவியாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கடல் எவ்வளவு செலவாளி என்று தெரியும். தமிழ்நாட்டுக் கடலில் 4 ஜிகாவாட்டுக்குக் கடலடியைக் குத்தகைக்கு விட 2024-ல் கோரிய டெண்டரை, எடுக்க ஆள் வராமல் 2025-ல் ரத்து செய்தார்கள். இது நம் ஊரின் தனிக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருட அனுபவம் உள்ள பிரிட்டனிலேயே 2023 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு கம்பெனிகூட வரவில்லை. மின்சாரத்துக்குத் தரும் உச்ச விலையை அரசு ஏற்றிய பிறகுதான் வந்தார்கள். ஆக, உங்கள் அப்பா நாளைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் காற்றாலை நிற்காது. சில வருடம் இருக்கிறது. அந்த அவகாசம் எதற்கு உதவும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது என் சரக்கு, கடலடி. வடகடலின் அடி பெரும்பாலும் மணலும் கெட்டிக் களிமண்ணும். அதில் மோனோபைல் என்கிற ஒற்றை இரும்புக் குழாயை இறக்குவார்கள். குழாய் என்றால் வீட்டுக் குழாய் மாதிரி இல்லை. எட்டு, பத்து மீட்டர் விட்டம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. நாலு காலைக் கடலடியில் ஊன்றித் தன்னைத்தானே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் ஜாக்-அப் கப்பலில் நின்று இதைச் செய்வார்கள். பைலைத் தூக்கி நிறுத்தியதும் அது தன் கனத்திலேயே சில மீட்டர் மண்ணுக்குள் இறங்கிவிடும், பழுத்த பலாவில் கத்தி இறங்குவதுபோல. அப்புறம் மேலே சுத்தியலை உட்கார வைத்து அடிக்கத் தொடங்குவார்கள். இரண்டு நொடிக்கு ஓர் அடி, ஆயிரக்கணக்கான அடி. ஒவ்வோர் அடிக்கும் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த எண் திடீரென்று குறைந்தாலும் பயம், திடீரென்று கூடினாலும் பயம். குறைந்தால் கீழே பாறை. கூடினால் மண் பிடிக்கவில்லை.

மன்னார் வளைகுடாவில் இந்த இரண்டு பயமும் ஒன்றாக இருக்கின்றன. உங்கள் அப்பா பார் என்று சொல்வாரே, முத்துச் சிப்பி விளைந்த பார், மீன் கூடும் பார், அதெல்லாம் கடலடியில் கெட்டிப்பட்ட பாறைத் திட்டுகள். அவற்றுக்கு இடையில் கிடக்கும் மணலிலும் நிறைய சிப்பித்தூள், பவழத்தூள். முன்பு தென்கடற்கரையில் ஒரு துறைமுக வேலையில் போரில் எடுத்த மண் என் கைக்கு வந்தது. பார்க்க நல்ல கனமான மணல். கட்டைவிரலால் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், நறநறவென்று நொறுங்கி மாவாகிவிட்டது. அடுத்த பெட்டியில் அதே மண் சுண்ணாம்பு ஊறி இறுகி, சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. இரண்டுக்கும் இடையே ஆழத்தில் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

இந்த மாதிரி மண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பெயர்போன உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் எரிவாயு மேடை. 1980-களின் தொடக்கத்தில் அங்கே பைல் இறக்கியபோது, எதிர்பார்த்ததைவிட மிக எளிதாகச் சறுக்கிக்கொண்டு போனது. சிப்பித் துகள்கள் சுத்தியல் அடியில் நொறுங்கி, பைலின் பக்கவாட்டைப் பிடிக்க ஆளில்லாமல் போய்விட்டது. பெரும் பணம் செலவழித்து அந்த அடித்தளத்தைப் பலப்படுத்தினார்கள். காற்றாலைக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. காற்றும் அலையும் அதை இருபத்தைந்து வருடம் கோடிக்கணக்கான தடவை ஆட்டும். அத்தனைக்கும் பிறகு அது அரை டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. நொறுங்கும் மணலில் அதற்கு உத்தரவாதம் தர, ஒவ்வொரு காற்றாலை நிற்கும் இடத்திலும் தனியாகப் போர் போட்டுப் பார்க்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை. பிரான்சின் சாந்நசேர் கடலில் பாறையைத் துளைத்து பைல் இறக்கி 80 காற்றாலை நிறுத்தினார்கள், 2022 முதல் மின்சாரம் வருகிறது. ஆனால் துளைப்பது அடிப்பதைவிட மெதுவான வேலை, கப்பலுக்கு நாள் வாடகை. செலவு கூடும். கம்பெனிகள் நம் கடலுக்கு வரத் தயங்குவதில் இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அது கணிப்புதான், யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

அடுத்தது சத்தம். பைல் அடிக்கும்போது கப்பல் தளத்தில் நின்றால் காதைவிட முன்னால் கால் பாதம் அதை உணரும். தண்ணீருக்குள் அது இன்னும் மோசம். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் அளந்து பார்த்தபோது, போர்ப்பாய்ஸ் என்ற சின்ன ஓங்கில் சுமார் 18 கி.மீ. தொலைவு வரை விலகிப் போயிருந்தது. அடி நின்றபின் ஓரிரு நாளில் திரும்பி வந்ததும் தெரிந்தது. இதனால் ஜெர்மனி ஒரு வரம்பு வைத்தது: பைலிலிருந்து 750 மீட்டரில் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்காகக் குமிழித் திரை போடுவார்கள். ஓட்டை போட்ட குழாயைப் பைலைச் சுற்றிக் கடலடியில் வட்டமாக விரித்து, அழுத்தமாகக் காற்றை அனுப்புவது. தளத்திலிருந்து பார்த்தால் கடல்மேல் பால் பொங்குவதுபோல ஒரு வெள்ளை வளையம். சத்தம் அந்தக் குமிழிகளில் மோதி நன்றாகவே குறையும். இவ்வளவும் நிச்சயமாகத் தெரிந்தது.

நிச்சயமில்லாத இடம் எதுவென்றால், இதை அப்படியே மன்னாருக்குப் பொருத்துவது. வடகடலில் ஆவுளியா என்கிற கடல்பசு இல்லை, பவழமும் நம்முடையது மாதிரி இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் யாரும் காற்றாலை நடப்போவதில்லை. ஆனால் கடலில் சத்தத்துக்கும் கலங்கலுக்கும் வேலி கிடையாது. கடலடியைத் துளைக்கும்போது எழும் நுண்துகள் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, போய்ப் பவழத்தின்மேல் படியுமா என்பதை, அந்தந்த மாத நீவாட்டை அளந்துதான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பிரச்சினை இல்லை, ஆகவே இங்கும் இல்லை என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். அதேபோல, ஆவுளியா அழிந்தே போகும் என்று அடித்துச் சொல்பவரிடமும் ஆதாரம் கேளுங்கள்.

மீன் கூடுமா, குறையுமா? வடகடல் அடித்தளங்களில் ஒன்றிரண்டு வருடத்திலேயே கல்லுமட்டியும் பாசியும் அப்பிக்கொள்ளும், நண்டு வரும், அதைத் தின்ன மீன் வரும். இதை நானே கேமராவில் பார்த்திருக்கிறேன். தென்னம்பாளையைக் கட்டிக் கடலில் போட்டுக் கணவாய் மீனைக் கூட்டும் குமரி மீனவர்களுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் மீன் அங்கே புதிதாகப் பெருகுகிறதா, அல்லது சுற்றுவட்டத்தில் இருந்த மீன்தான் அங்கே வந்து கூடுகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் முடியவில்லை. கம்பெனி விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

இப்போது உங்கள் அப்பாவின் வலைக்கு வருவோம். காற்றாலைகளுக்கு நடுவில் இடம் நிறையவே இருக்கும். 15 மெகாவாட் காற்றாலை என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை கி.மீ.க்கு மேல் இடைவெளி விடுவார்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைத் தின்றுவிடும். 500 மெகாவாட்டுக்கு முப்பத்து நாலு காற்றாலை போதும். ஐரோப்பிய வழக்கப்படி பார்த்தால் 60 முதல் 125 சதுர கி.மீ. கடல். இறக்கையின் கீழ் நுனி படகுக்கு எட்டாத உயரத்தில் சுற்றும். ஆகவே ஒரு நாட்டுப்படகு அதற்குள் போய்வர இயற்கையில் எந்தத் தடையும் இல்லை. போகலாமா என்பதைத் தீர்மானிப்பது சட்டம். ஒரே வடகடலில் நாலு நாடு நாலு விதம். பிரிட்டனில் கட்டும்போது ஒவ்வொரு காற்றாலையைச் சுற்றியும் 500 மீட்டர் விலகச் சொல்வார்கள். கட்டி முடித்தபின் உள்ளே போய் மீன் பிடிக்கலாம். அனுமதி இருந்தும் இழுவலைக்காரர்கள் பலர் கேபிளுக்குப் பயந்து போவதில்லை என்பது வேறு கதை. நெதர்லாந்தில் சில பண்ணைகளுக்குள் சின்னப் படகுகள் கடந்து போகலாம், அடியை உழும் வலை கூடாது. ஜெர்மனியில் கெடுபிடி அதிகம். பெல்ஜியத்தில் அந்தப் பகுதிக்குள் மீன்பிடிப் படகு நுழையவே கூடாது. நான் பெல்ஜியத்துக்கும் பிரிட்டனுக்கும் மாறிமாறி வேலைக்குப் போயிருக்கிறேன். அதே காற்றாலை, அதே கப்பல், அதே மீன். ஒரு பக்கம் படகு உள்ளே நிற்கும், மறுபக்கம் ரோந்துப் படகு விரட்டும்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றாலைகளை இணைக்கும் கேபிளையும் கரைக்கு வரும் கேபிளையும் மணலில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழம் புதைப்பார்கள். பாறையில் புதைக்க முடியாது. மேலே கல்லைக் கொட்டி மூடுவார்கள் அல்லது கான்கிரீட் பாய் விரிப்பார்கள். மன்னாரில் பார் அதிகம் என்றால் இப்படி மூடிய தூரமும் அதிகமாக இருக்கும். மிதக்கும் செவுள்வலைக்கு இதனால் ஒன்றும் இல்லை. அடிவலையும் நங்கூரமும் மாட்டும். ஆகவே ஊருக்கு வந்து யாராவது படம் காட்டி விளக்கும் நாளில், காற்றாலை எத்தனை என்று கேட்பதைவிட மூன்று விஷயத்தைக் கேளுங்கள். கட்டி முடித்த பின்பு உள்ளே வலை விடலாமா, எழுத்தில் தருவீர்களா? கேபிள் எந்த வழியாகக் கரையேறுகிறது, எங்கே புதைக்காமல் மூடப்போகிறீர்கள்? கட்டும் இரண்டு மூன்று சீசனுக்குத் தொழில் இழப்புக்கு எந்தக் கணக்கில் பணம்?

மூன்றாவது கேள்வியில்தான் நாட்டுப்படகுக்காரர்கள் தோற்பார்கள் என்று பயப்படுகிறேன். ஐரோப்பாவில் இழப்பீட்டைக் கணக்கிடுவது படகின் பிடிப்புப் பதிவேட்டையும் செயற்கைக்கோள் தடத்தையும் வைத்து. எந்த வருடம் எந்த இடத்தில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று காகிதம் பேசும். அங்கேயே பதிவேடு வைக்காத சின்னப் படகுகளுக்கு வாதாடுவது கஷ்டமாக இருந்ததைக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா கரையில் கோபுரத்தையும் மலையையும் சேர்த்துக் கணியம் பார்த்துப் பாரைக் கண்டுபிடிப்பவராக இருக்கலாம், இப்போது ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தவராகவும் இருக்கலாம். எதுவானாலும் அது அவர் தலையிலும் அந்தச் சின்னக் கருவியிலும் மட்டும் இருக்கிறது. பாரின் இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டார், சொல்லவும் வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, கரையிலிருந்து ஏறக்குறைய எத்தனை கடல் மைல், எந்தத் திசை, என்ன வலை, என்ன மீன், எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை என்று மட்டும் நீங்கள் எழுதி வாருங்கள். ஏலச் சீட்டு கிடைத்தால் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் பத்துப் படகு இதைச் செய்தால், பேச்சுவார்த்தை மேசையில் வைக்க மூன்று நாலு வருடக் கணக்கு கையில் இருக்கும்.